பிள்ளை சிரிக்கிறது, நமக்கு ஏன் வயிற்றில் புளியைக் கரைக்கிறது?

கேள்வி இதுதான்: "5 வயது மகளோடு பொருட்காட்சிக்குப் போயிருந்தேன். கொலம்பஸில், அதான் அந்த ராட்சதப் படகு ஊஞ்சலில், ஏறியே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தாள். ஏறினோம். அவள் கைதட்டிச் சிரிக்கிறாள், எனக்கு உயிரே போய்விட்டது. கல்லூரி நாட்களில் இதே கொலம்பஸில் கடைசி வரிசையில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தவள் நான். இப்போது மட்டும் ஏன் இப்படி? என் பயம் அவளையும் தொற்றிக்கொள்ளுமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகலாம் என்கிறாள். என்ன செய்வது?"

முதலில் என் தரப்பு வாக்குமூலம். நான் மதுரையில் தலைசுற்றல் நோயாளிகளைப் பார்க்கும் ஒரு கிளினிக்கில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். உள்காது எப்படி வேலை செய்கிறது என்று தினமும் யாருக்காவது படம் போட்டு விளக்குகிறவன். அப்படிப்பட்ட நான் இரண்டு வருடத்துக்கு முன் சித்திரைப் பொருட்காட்சியில் அக்கா மகனோடு ராட்சத ராட்டினத்தில் ஏறினேன். ஆள் ஏற்றுவதற்காக எங்கள் தொட்டிலை உச்சியில் நிறுத்தினார்கள். அவனுக்கு 6 வயது. என் முழங்கையைத் தட்டித் தட்டி, "மாமா, கண்ணைத் திறங்க மாமா, நம்ம வண்டி நிக்கிற இடம் தெரியுது" என்றான். நான் திறக்கவில்லை. இறங்கிப் பார்த்தால் உள்ளங்கை முழுக்கக் கம்பியின் துருவும் பச்சைப் பெயின்டும். நம்மூரில் காது குத்தவும் தாய்மாமன் மடி, ராட்டினம் ஏறவும் தாய்மாமன் மடி. அக்காவும் மச்சானும் கீழே டெல்லி அப்பளத்தில் மிளகாய்ப்பொடி தூவி வாங்கிக்கொண்டு எங்களுக்குக் கை காட்டினார்களாம். எனக்கு எங்கே தெரிந்தது.

அதனால் உங்களைக் கோழை என்று சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. அது கோழைத்தனமும் இல்லை. உங்களுக்கு வந்தது இரண்டு பயங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. ஒன்று உடம்பின் பயம். அது கல்லூரிக் காலத்திலும் உங்களுக்கு இருந்தது, அப்போது அதற்குப் பெயர் 'ஜாலி'. இன்னொன்று காவலுக்கு நிற்கிறவரின் பயம். அது மகள் பிறந்த பிறகு வந்தது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுப்பதால்தான் நிறையப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி, முகம் வெளிறி இறங்குகிறார்கள்.

உடம்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒவ்வொரு காதின் உள்ளேயும், கேட்பதற்கான பகுதியை ஒட்டியே, அசைவை அளக்கும் ஒரு கருவி இருக்கிறது. மூன்று அரைவட்டக் குழல்கள் தலை சுழல்வதைச் சொல்லும். பக்கத்தில் இரண்டு சிறிய பைகள், அவற்றில் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள், அதாவது கால்சியம் கார்பனேட் படிகங்கள், பசை போன்ற ஒரு படலத்தின் மேல் ஒட்டியிருக்கும். லிஃப்ட் கிளம்பும்போதும் பஸ் பிரேக் போடும்போதும் அந்தத் துகள்கள் ஒரு பக்கம் சரியும், "எடை மாறுகிறது" என்று மூளைக்குத் தகவல் போகும். வயிற்றில் புளியைக் கரைப்பதாகச் சொல்கிறோமே, அதில் பாதி காதில் நடக்கிறது. மீதிப் பாதி நிஜமாகவே வயிற்றில்தான். இரைப்பையும் குடலும் உள்ளே தளர்வாகத் தொங்கிக்கொண்டிருப்பவை. கீழ்நோக்கி இழுக்கும் பாரம் திடீரென்று குறைந்தால் அவை லேசாக எழும்பும். அந்த 'ஜிவ்' அதுதான்.

எவ்வளவு குறைகிறது? பொருட்காட்சி ராட்டினம் ஒன்றின் ஆரம் 8 மீட்டர், 10 விநாடிக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடக் கணக்குத்தான்: மையத்தை நோக்கிய முடுக்கம் புவியீர்ப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் உச்சியைக் கடக்கும்போது 40 கிலோக்காரரைப் போல உணர்வார், அடியில் வரும்போது 80 கிலோக்காரரைப் போல. 10 விநாடிக்கு ஒருமுறை 40 கிலோ இளைத்துப் பெருத்தால் எந்த உடம்பும் கேள்வி கேட்கத்தானே செய்யும்.

இங்கே உயரத்துக்குப் பெரிய பங்கு இல்லை. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெரிஸ் நிறுத்திய முதல் ராட்சத ராட்டினம் 264 அடி உயரம். 36 கூண்டுகள், கூண்டுக்கு 60 பேர் வரை. ஐம்பது சென்ட் கொடுத்தால் இரண்டே சுற்று, அதற்கு 20 நிமிடம். லண்டன் ஐ 135 மீட்டர், ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம். அதில் பாட்டிமார்கள் நின்றுகொண்டு போட்டோ எடுக்கிறார்கள். நம் பொருட்காட்சி ராட்டினம் அதன் முழங்கால் உயரம்கூட வராது, ஆனால் சுற்றுகிற வேகத்தில் அடிவயிறு கலங்குகிறது. "இத்தனூண்டு ராட்டினத்துக்கா பயப்படுறே" என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

ராட்டினத்தில் பெரும்பாலும் முதுகுப்பக்கமாக ஏறி, முகப்பக்கமாக இறங்குகிறோம் என்பதையும் கவனித்திருப்பீர்கள். ஏறும்போது கண்ணுக்கு முன்னால் இரும்புக் கம்பிகள், பக்கத்துத் தொட்டில், டியூப்லைட் எல்லாம் இருக்கும். உச்சியைத் தாண்டியதும் முன்னால் ஒன்றுமில்லை, வெறும் காற்று. எடை குறைவதும் கண்ணுக்குப் பிடிமானம் போவதும் ஒரே நொடியில். நான் கண்ணை மூடியது அந்த இடத்தில்தான். அது தப்பு, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கொலம்பஸ் கதை வேறு. அது ஊஞ்சல். படகு ஒரு பக்கம் உயர்ந்து நின்று திரும்பும் கணத்தில் அந்தப் பக்கத்துக் கடைசி வரிசைதான் மிக உயரத்தில், மிகச் செங்குத்தாக இருக்கும். பாரம் சீட்டை அழுத்துவது ஏறக்குறைய நின்றேபோகும், ஆள் சீட்டை விட்டு நழுவுவது போலத் தெரியும். நடு வரிசைக்கு அந்த அளவு சரிவு வராது. கல்லூரிப் பெண்கள் கடைசி வரிசைக்கு ஓடுவதும் விவரம் தெரிந்த அம்மாக்கள் நடுவில் உட்காருவதும் இதனால்தான். டிக்கெட் விலை ஒன்றே, கிடைக்கும் ஆட்டம் இரண்டு மடங்கு வித்தியாசம்.

அப்புறம், உங்கள் கேள்வியின் நடுவே இருக்கும் விஷயம்: அன்று பிடித்தது இன்று ஏன் பிடிக்கவில்லை? வயது ஒரு காரணம். பிள்ளைகள் நாள் முழுக்கச் சுற்றுகிறார்கள், குட்டிக்கரணம் போடுகிறார்கள், ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்குகிறார்கள். அவர்களுடைய காதுக்கு இந்த அசைவெல்லாம் தினசரிப் பாடம். நமக்கு நாற்காலி, கார், கட்டில். பழக்கம் விட்டுப்போன காது சின்ன ஆட்டத்துக்கும் பெரிய புகார் எழுதும். (பிள்ளைகளுக்கு வாந்தி வராது என்று இதற்கு அர்த்தம் இல்லை. 2 வயதுக்குள் பயண வாந்தி அபூர்வம், ஆனால் 6 வயதுக்கு மேல் 12 வரை அதுதான் உச்சம். கொடைக்கானல் பஸ்ஸில் ஜன்னலோரம் யாருக்குக் கொடுக்கிறோம் என்று யோசியுங்கள்.)

வயதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. துணைக்கு ஏறுகிறவர் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. சுற்றும் ரைடில், அதாவது கப் அண்ட் சாசர், பிரேக் டான்ஸ், டோரா டோரா வகையறாவில், உடம்பு ஒரு அச்சில் சுழன்றுகொண்டிருக்கும்போது தலையைக் குனிந்தாலோ தோள்பக்கம் சாய்த்தாலோ அரைவட்டக் குழல்களின் கணக்கு மொத்தமாகக் குழம்பும். ஒரு குழல் 'நின்றுவிட்டோம்' என்னும், இன்னொன்று 'கவிழ்கிறோம்' என்னும். இதைக் கோரியோலிஸ் விளைவு என்பார்கள். நோயாளிக்கு வேண்டுமென்றே தலைசுற்றல் வரவழைத்துப் பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. துணைக்கு ஏறும் அம்மா என்ன செய்கிறார்? மூன்று விநாடிக்கு ஒருமுறை குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார். கம்பியைச் சரியாகப் பிடித்திருக்கிறாளா என்று சாய்கிறார். செருப்பு கழன்றால் குனிந்து எடுக்கப் பார்க்கிறார். பிள்ளையோ நேராக முன்னால் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. ஒரே ரைடு, ஒரே நேரம். ஆனால் அம்மாவின் காது வாங்கும் அடி பிள்ளையின் காது வாங்குவதைப் போலப் பல மடங்கு. இறங்கிய பிறகும் குழலுக்குள் இருக்கும் திரவம் அடங்கி, சுற்றுகிற உணர்வு போக 15, 20 விநாடி ஆகும். அந்த நேரத்தில்தான் பிள்ளை கையை உதறிவிட்டு அடுத்த ரைடுக்கு ஓடும்.

ஆக, சுற்றும் ரைடில் முதல் மருந்து: தலையைச் சீட்டின் முதுகில் ஒட்டி வையுங்கள், குனியாதீர்கள். பிள்ளையைக் கண்ணால் காவல் காக்காமல் உடம்பால் காத்துக்கொள்ளுங்கள், தொடை தொடையோடு ஒட்டியிருக்கட்டும், அசைந்தால் தெரிந்துவிடும். செருப்பை ஏறும் முன்பே கழற்றிக் கீழே விட்டுவிடுவது உத்தமம்.

உயரப் பயத்துக்கும் குமட்டலுக்கும் கண்ணின் வேலை நேர் எதிர். இதைத்தான் நிறையப் பேர் மாற்றிச் செய்கிறார்கள். உயரத்தில் நின்று தூரத்துக் கூட்டத்தைப் பார்க்கும்போது, நம் உடம்பு லேசாக ஆடுவதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, தூரத்துப் பொருள்கள் அசைந்ததாகவே தெரியாது. மூளைக்கு நிதானம் தவறுகிறது, கால் கூசுகிறது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் அசையாத ஒன்றைப் பார்க்க வேண்டும்: எதிர்ச் சீட்டின் கம்பி, அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், பிள்ளையின் சட்டைப் பித்தான். குமட்டலுக்கோ தூரத்தில் அசையாத ஒன்று, அதாவது தொடுவானம் வேண்டும். நான் செய்ததுபோலக் கண்ணை மூடினால், அடுத்த இழுப்பு எப்போது என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரியாமல் போகும். அதனால் பயம் ஏறத்தான் செய்யும். கார் ஓட்டுகிறவருக்கு வாந்தி வருவதில்லை, பின்சீட்டில் இருப்பவருக்குத்தான் வருகிறது, யோசித்துப் பாருங்கள்.

மூச்சை அடக்காதீர்கள். கத்த வெட்கமாக இருந்தால் பாடுங்கள். கத்தினாலும் பாடினாலும் மூச்சு வெளியேதான் போக வேண்டும், அது போதும். ராட்டினம் மேலே ஏறும்போது 'ஆ' என்று நீட்டி ஆரம்பித்து உச்சியைத் தாண்டும்வரை விடுவது இப்போது எங்கள் வீட்டு வழக்கம். சுற்றி இருக்கிறவர்கள் சந்தோஷக் கூச்சல் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

உடம்பின் பயத்துக்கு இவ்வளவு போதும். பயண வாந்திக்குப் போடும் அவோமின் போட்டுக்கொண்டு ஏறலாமா என்று கிளினிக்கில் கேட்பார்கள். அது தூக்கம் வரவழைக்கும் மாத்திரை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அரைத்தூக்கத்தில் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளைக்கு டாக்டரிடம் கேட்காமல் கொடுக்கவே கூடாது. இஞ்சி மொரப்பா, எலுமிச்சம்பழம் முகர்வது எல்லாம் செய்தால் தப்பில்லை. கர்ப்பிணிகள், கழுத்து எலும்புத் தேய்வு உள்ளவர்கள், இதயப் பிரச்சினை உள்ளவர்கள், படுக்கையில் புரளும்போது தலை சுற்றுகிறவர்கள் கீழே நின்று கை காட்டினால் போதும்.

இனி இரண்டாவது பயம். இதை நான் பயம் என்று சொல்வதைவிடக் கணக்கு என்பேன். கல்லூரியில் நீங்கள் ஏறியபோது உங்கள் உடம்பு ஒன்றுக்குத்தான் கணக்கு. இப்போது பக்கத்தில் இன்னொரு உடம்பு இருக்கிறது, அதன் நட்டு போல்ட்டெல்லாம் உங்கள் பொறுப்பு. கம்பி சரியாகப் பூட்டியதா, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, ஆபரேட்டர் ஏன் போனைப் பார்க்கிறார் என்று மூளை ஓடிக்கொண்டே இருக்கும். அது நியாயமான ஓட்டம். மூச்சுப் பயிற்சி செய்து அதை அடக்கக் கூடாது, அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல வேண்டிய இடமும் மேலே இல்லை, டிக்கெட் கவுன்ட்டருக்கு முன்னால்.

நான் இப்போதெல்லாம் ஒரு ரைடில் ஏறும் முன் இரண்டு முழு ஆட்டம் கீழே நின்று பார்ப்பேன். பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள், பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்துவிடலாம். பார்க்க வேண்டியது பெரிய எஞ்சினியரிங் ஒன்றும் இல்லை. ஆபரேட்டர் ஒவ்வொரு கம்பியையும் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, அல்லது 'பூட்டிக்கோங்க' என்று தூரத்திலிருந்து சொல்லிவிட்டு ஸ்விட்சைப் போடுகிறாரா? பூட்டு ஊசி எல்லாவற்றிலும் இருக்கிறதா, எங்காவது கயிற்றால் கட்டியிருக்கிறார்களா? ஆள் ஏற்றும்போது எதிரெதிர்த் தொட்டிலில் பாரம் பிரித்து உட்கார வைக்கிறார்களா? அடியில் முட்டுக் கொடுத்த கட்டைகள் ஆட்டத்தின்போது நகர்கின்றனவா? மழை பெய்து ஈரமான தரை என்றால் எனக்கு அன்று ராட்டினம் கிடையாது. பொதுப்பணித்துறை, தீயணைப்புத்துறை, காவல்துறை அனுமதியெல்லாம் வாங்கித்தான் பொருட்காட்சி நடத்துகிறார்கள். ஆனால் அனுமதி கொடுத்த நாளுக்கும் நீங்கள் ஏறும் சாயங்காலத்துக்கும் நடுவே ஆயிரம் சுற்று ஓடியிருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மடிக்கம்பி. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், கொலம்பஸுக்கு அப்படியே பொருந்தும். ஒரு வரிசைக்கு ஒரே கம்பி என்றால், அது வரிசையில் யாருடைய தொடை பருமனோ அவர் மேல் முட்டி நிற்கும். உங்கள் தொடையில் இறுக்கமாக நிற்கும் கம்பிக்கும் மகளின் தொடைக்கும் நடுவே ஒரு ஜாண் இடைவெளி இருக்கும். பெரியவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். இந்த ஒரு விஷயத்தில் நாம் பக்கத்தில் இருப்பதே பிள்ளைக்குக் கம்பி எட்டாமல் போவதற்குக் காரணம். கையால் பிடித்துக்கொள்ளலாம் என்பதும் நடக்காது. 16 கிலோப் பிள்ளை, ரைடின் இழுப்பில் 32 கிலோவாக ஆகும் கணத்தில் ஒரு கையில் நிற்காது. மடியில் வைத்துக்கொள்வது அதைவிட மோசம், உங்களுக்கும் கம்பிக்கும் நடுவே பிள்ளை நசுங்கும். கம்பிக்கும் பிள்ளையின் தொடைக்கும் நடுவே உங்கள் முஷ்டி தாராளமாகப் போய்வந்தால் அந்த ரைடு அந்தப் பிள்ளைக்கு இல்லை. இறங்கிவிடுங்கள், டிக்கெட் காசு போகட்டும். 5 வயதுப் பிள்ளை சராசரியாக 105 முதல் 110 செ.மீ. உயரம் இருக்கும். இந்த மாதிரிப் பெரிய ரைடுகளுக்குப் பல பூங்காக்களில் 120 செ.மீ. என்று கோடு போட்டிருப்பது சும்மா இல்லை. தற்காலிகப் பொருட்காட்சிகளில் கோடு இருந்தாலும் பார்க்க ஆள் இருப்பதில்லை. எனவே உங்கள் வயிற்றில் கரைந்த புளியில் ஒரு பங்கு மிகச் சரியான புளி என்றுதான் சொல்வேன்.

வெளிப்பக்கமாகத் தள்ளும் சுற்று ரைடுகளில் பெரியவர் வெளி ஓரத்திலும் பிள்ளை உள்பக்கமும் உட்கார வேண்டும். மாற்றி உட்கார்ந்தால் சுற்றின் வேகத்தில் நம் முழு எடையும் பிள்ளை மேல் சாயும். எது வெளிப்பக்கம் என்று தெரியவில்லை என்றால் ஆபரேட்டரிடம் கேட்டால் சொல்வார். துப்பட்டாவை இடுப்பில் முடிச்சுப் போடுங்கள், சேலைத் தலைப்பைச் செருகுங்கள், பின்னலைச் சட்டைக்குள் விட்டுவிடுங்கள். சுழலும் இரும்பு முடியைப் பிடித்தால் விடாது.

ஆபரேட்டரிடம் ஏறும் முன்பே பேசிவிடுவது என் பழக்கம். "அண்ணே, சின்னப் பிள்ளை இருக்கு, நான் இப்படி ரெண்டு கையையும் குறுக்கே வச்சுக் காட்டினா நிறுத்திருங்க." இதைச் சொல்லாமல் மேலே போய் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கத்தக் கத்த இன்னும் ரெண்டு சுற்று போனஸ் விடுவதுதான் நம்மூர் விருந்தோம்பல். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன், நிஜக் கூச்சலும் ஜாலிக் கூச்சலும் கீழே இருந்து கேட்டால் ஒன்றுதான்.

நடுவானில் நின்றுவிட்டால்? 2025 மே மாதம் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு பூங்காவில் அப்படி நின்று, 30 பேருக்கு மேல் மணிக்கணக்கில் மேலேயே காத்திருந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் உயரத் தூக்கும் வாகனத்தைக் கொண்டுவந்து பத்திரமாக இறக்கினார்கள். நின்றுபோன ரைடில் ஆபத்து, அவசரப்பட்டுக் கம்பியைத் திறந்து தானாக இறங்கப் பார்ப்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. பூட்டைத் தொடாமல் உட்கார்ந்திருப்பது மட்டுமே அப்போது நம் வேலை. பிள்ளைக்கு ஏதாவது கதை சொல்லுங்கள், எண்ணிக்கை விளையாட்டு விளையாடுங்கள்.

சரி, பயம் தொற்றுமா என்று கேட்டிருந்தீர்கள். தொற்றும். இதற்குப் பழைய, அழகான ஒரு சோதனை இருக்கிறது. எலினார் கிப்சன், ரிச்சர்ட் வாக் என்ற இருவர் 1960-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடி போட்ட ஒரு மேசையை வைத்துக் குழந்தைகளைத் தவழவிட்டார்கள். பாதி மேசைக்குக் கீழே பள்ளம் இருப்பதுபோலத் தெரியும், ஆனால் கண்ணாடி தாங்கும். 1985-இல் ஜோசப் காம்போஸ் குழுவினர் அதே ஏற்பாட்டில் பள்ளத்தை 30 செ.மீ. அளவுக்குக் குறைத்தார்கள். ஆபத்தா இல்லையா என்று குழந்தைக்கே முடிவுக்கு வர முடியாத ஆழம். ஒரு வயதுக் குழந்தை விளிம்புக்கு வந்ததும் நிமிர்ந்து எதிரே நிற்கும் அம்மா முகத்தைப் பார்க்கும். அம்மா சிரித்த முகமாக இருந்தபோது 19 குழந்தைகளில் 14 தாண்டி வந்தன. அம்மா பயந்த முகம் காட்டியபோது 17-இல் ஒன்றுகூட வரவில்லை. அம்மாக்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, முகம் மட்டும்தான்.

இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் உள்ளே நடுங்கினாலும் வெளியே சிரிக்க வேண்டும்' என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு வயதுக் குழந்தையை ஏமாற்றலாம். 5 வயதுக்காரி வெளிறிய முகத்தையும் 'அம்மாவுக்குப் பயமே இல்லையே' என்ற பேச்சையும் சேர்த்துப் பார்த்து, அம்மா எதையோ மறைக்கிறாள் என்று கண்டுபிடித்துவிடுவாள். மறைக்க வேண்டிய அளவுக்கு அது பெரிய விஷயம் போல என்று அவளுக்கு அதிலிருந்து தெரியும். என் அக்கா மகனிடம் அன்று கீழே வந்து நான் சொன்னது: "மாமாவுக்கு மேலே போனா வயிறு கலங்கும்டா. ஆனா ராட்டினம் நல்லாப் பூட்டியிருக்கு, நான் பார்த்துட்டுத்தான் ஏறினேன்." அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்கும் கொஞ்சூண்டு கலங்குச்சு" என்றான். அதுவரை சொல்லாமல் இருந்திருக்கிறான். வயிறு கலங்குவது வேறு, ஆபத்து வேறு என்று பிரித்துச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

ஏறிய பிறகு பிள்ளைக்குத்தான் பயம் வந்து அழுகிறது என்றால், 'ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை' என்பதில் பலன் குறைவு. எத்தனை சுற்று பாக்கி என்று சேர்ந்து எண்ணுவது உதவும். முடிவு எங்கே இருக்கிறது என்று தெரிந்த பயம் பாதிப் பயம்தான். இறங்கியதும், "பார்த்தியா, இதுக்குப் போய் அழுதே" என்று அத்தை, சித்தப்பா யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபடி ஏறினால் பயம் போய்விடும் என்று அன்றைக்கே இழுத்துக்கொண்டு போவதும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். கொலம்பஸுக்கு உங்கள் மகள் இன்னும் சின்னவள் என்பது என் கருத்து. அதைச் சொல்லும்போது 'அம்மாவுக்குப் பயம், அதனால் போக வேண்டாம்' என்று சொல்லாதீர்கள், அது உண்மைக் காரணமும் இல்லை. கம்பி உன் தொடைக்கு எட்டவில்லை, எட்டும் உயரம் வந்ததும் போகலாம் என்று சொல்லி, வீட்டுச் சுவரில் 120 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள். கோபித்துக்கொள்வாள், அப்புறம் தினமும் போய் நின்று அளந்து பார்ப்பாள். அன்றைக்கு அவளுக்குக் குதிரை ராட்டினம், டிராகன் ரயில் போதும். நீங்கள் வேலிக்கு வெளியே நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் கை காட்டுங்கள், ஒரு சுற்றுகூட விட்டுவிடக் கூடாது, அவள் எண்ணிக்கொண்டிருப்பாள். சேர்ந்து ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், மெதுவாகப் போகும் ராட்டினமாக, மடிக்கம்பி அவளுக்கும் எட்டுவதாகப் பார்த்து ஏறுங்கள். கண் எதிர்க்கம்பியில் இருக்கட்டும். சாயங்காலம் 5 மணிக்கே போய்விட்டால் கூட்டம் இருக்காது, ஆபரேட்டரும் களைத்திருக்க மாட்டார். டெல்லி அப்பளம் இறங்கிய பிறகு.